நடந்த அண்ணன்

ஜனவரி 9

போனை எடுக்காத அண்ணனுக்கு,

அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். கடிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுப்பாய் என்று எழுதுகிறேன்.

உறைக்குள் மூன்று படங்கள் இருக்கின்றன. ஒன்று மலை. இன்னொன்று ஒரு ஜோடி பழுப்பு ஷூ. நீ கிரேன் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்த அன்று போட்டிருந்தாயே, அச்சு அசல் அதே மாதிரி. ஒரு பழைய பத்திரிகையில் பார்த்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். மூன்றாவது என் வீட்டு வாசல் கதவு. ஒரு நாள் நீ நடந்து வந்து இந்தக் கதவில் மணி அடிக்கப் போகிறாய். மூன்றையும் ஒரு அட்டையில் ஒட்டி, கண் விழித்ததும் தெரிகிற இடத்தில் மாட்டு. இதற்குப் பெயர் விஷன் போர்டு. சிரிக்காதே.

நானும் முதலில் சிரித்தவள்தான். வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் போனை எடுத்து நாள் முழுக்க வசவு வாங்கிக்கொண்டிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? எவர் வீட்டு மெஷின் ஒழுகினாலும் எனக்குத்தான் அர்ச்சனை. அப்போதுதான் ஒரு பெண் கூட்டத்தின் முன்னால் நின்று பேசுகிற படத்தை பீரோக் கதவில் ஒட்டினேன். இன்று அந்தப் பெண் நான்தான். இந்த வகுப்புகளை நடத்துகிற சாரோடு ஊர் ஊராகப் போய், தொழிற்சாலை ஆட்களுக்கு அவரவர் லட்சியத்தைப் படமாக ஒட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று அம்மா சொன்னது பலித்துவிட்டது. உனக்கும் பலிக்கும். நான் விடமாட்டேன்.

உன் தங்கை

ஜனவரி 20

வாயாடிக்கு,

படங்கள் வந்தன. மலை அழகாக இருக்கிறது. எனக்கு இந்த ஆஸ்பத்திரியில் மலை என்றால் கழிப்பறைக் கதவுதான். அது உள்பக்கம் திறக்கிற கதவு. வீல்சேரில் போகிறவன் கதவைத் தள்ளிக்கொண்டே சக்கரத்தையும் உருட்ட வேண்டும். மூன்றாவது கை இருந்தால் சுலபம். என் போர்டில் ஏதாவது ஒட்டுவதென்றால் அந்தக் கதவைத்தான் ஒட்டுவேன்.

போனை ஏன் எடுக்கவில்லை தெரியுமா? உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். எழுதினால் கத்துவதற்குள் கை வலித்துவிடும்.

பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னபோது நீயும் பக்கத்தில் நின்றாய். "நரம்பு நசுங்கலை தம்பி, அறுந்துடுச்சு. இடுப்புக்குக் கீழ இனிமே ஒண்ணும் வராது. கையை வெச்சுப் பொழைக்கக் கத்துக்கோ." அன்று சாயங்காலமே பஸ் ஏறினவள் நீ. அதற்குப் பிறகு உன் முகத்தை நான் பார்க்கவில்லை. இப்போது ஷூ படம் அனுப்புகிறாய்.

இங்கே பயிற்சி கொடுக்கிற அம்மாவுக்கு நாங்கள் ரிங்மாஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கு, இறக்கு, மறுபடி தூக்கு. தூக்காமல் உட்கார்ந்தே இருந்தால் புண் வரும், வந்தால் நமக்குத் தெரியாது, அதனால் தினமும் கண்ணாடியைப் பின்னால் பிடித்து நானே பார்க்க வேண்டும். போன வாரம் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது நடுவில் விழுந்தேன். கிரேன் ஏணியிலிருந்து விழுந்தபோதுகூட இவ்வளவு அவமானமாக இல்லை.

சில நாள் கண் விழித்ததும் எதற்கு விழித்தோம் என்று இருக்கிறது. இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அண்ணன்

பிப்ரவரி 2

அண்ணா,

அப்படியெல்லாம் எழுதாதே. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். டாக்டர் என்ன கடவுளா? அவர் ஸ்கேன் படத்தைத்தான் பார்த்தார், உன்னைப் பார்த்தாரா?

நான் வரவில்லை என்று குத்திக் காட்டுகிறாய். என் வேலை அப்படி. போன மாதம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வகுப்பு. பாக்கெட் போடுகிற பெண் ஒருத்தி, எல்லோரும் போன பிறகும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், குழிக்குள் விழுந்து முதுகெலும்பு போய்விட்டதாம். என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. "நீங்க பேசினதைக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு" என்றாள். வாஷிங் மெஷின்காரர்களில் ஒருத்தராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருப்பார்களா? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நான் செய்கிற வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது அண்ணா. உன் ஆஸ்பத்திரியில்தான் நல்ல பயிற்சி என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு சின்ன உதவி. அங்கே பிடித்துக்கொண்டு நிற்க இரும்புக் கம்பிகள் இருக்குமே, யாராவது தூக்கிப் பிடித்தால் போதும், நீ நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இடுப்புக்கு மேலே தெரிந்தால் போதும். என் பீரோவில் ஒட்டத்தான்.

தங்கை

பிப்ரவரி 17

வாயாடிக்கு,

போட்டோ கிடையாது. காரணம் கடைசியில்.

நீ அனுப்பிய லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்துவிட்டான். எனக்குப் பக்கத்துக் கட்டில். எனக்கு உடைந்த அதே இடத்தில்தான் அவனுக்கும். வார்டில் அவனை லிஃப்ட்டு என்றும் என்னைக் கிரேன் என்றும் கூப்பிடுகிறார்கள். எதிர்க் கட்டில் பெரியவர், "ஊரையே மேல தூக்கிவிட்டவங்க ரெண்டு பேரும் இப்படி மல்லாந்துட்டீங்களே" என்றார். லிஃப்ட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். எனக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. நானும் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

அவன் மனைவி ஊருக்குப் போகுமுன் கால்மாட்டுச் சுவரில் ஒரு அட்டையை மாட்டிவிட்டுப் போனாள். நடுவில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ. நகல்தான், ஆனால் எனக்குத் தெரியாதா?

"இது என்னப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு அண்ணன் இருக்காராம், கிரேனண்ணா. உங்களை மாதிரியே கிரேன் ஓட்டினவராம். நரம்பு அறுந்துபோச்சுன்னு டாக்டரே கைய விரிச்சுட்டாராம். அவரோட தங்கச்சி இந்த ஷூ படத்தை ஒட்டி வெச்சுதாம். பார்த்துக்கிட்டே இருந்தாராம், ஒரு நாள் கால் கட்டைவிரல் ஆடிச்சாம். அப்புறம் நடந்தே போய்த் தங்கச்சி வீட்டு வாசல்ல மணி அடிச்சாராம். அந்தத் தங்கச்சியே என் வீட்டுக்காரிகிட்ட நேர்ல சொல்லிச்சு."

அவன் என் காலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் அவரை மாதிரி நம்பியிருந்தா இந்நேரம் எழுந்திருப்பீங்க."

அவன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். போர்வையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன்.

யாரடி அந்த அண்ணன்? கேப்பையில் நெய் வடிகிறதென்று நீ சொல்ல, அத்தனை பேரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். போட்டோ எதற்குக் கேட்டாய் என்று இப்போது புரிகிறது. எழுத இன்னும் நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது.

அண்ணன்

பிப்ரவரி 24

அண்ணா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். நீ திட்டினாலும் சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் நான் பொய் சொல்லவில்லை. 'என் அண்ணனுக்கு இப்படி ஆகிவிட்டது, நான் ஷூ படம் ஒட்டியிருக்கிறேன், அவன் நடப்பான்' என்றுதான் சொன்னேன். ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "இப்ப எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டார். அத்தனை முகமும் என்னையே பார்த்தது. "நல்லா நடக்கிறார்" என்று வாய் சொல்லிவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்த அம்மா அழுதார். அந்த ஒரு நிமிஷம் நீ நிஜமாகவே நடந்தாய் அண்ணா, எனக்கு அப்படித்தான் இருந்தது. அடுத்த ஊரில் சார், "அந்த அண்ணன் கதையைச் சொல்லும்மா" என்றார். கட்டைவிரல் ஆடியதெல்லாம் அப்புறம் தானாக ஒட்டிக்கொண்டது.

நான் உன்னைப் பார்க்க வராததும் இதனால்தான். வேலை அப்படி என்றதெல்லாம் சாக்கு. உன்னை அந்தக் கட்டிலில் ஒரு தடவை பார்த்துவிட்டால் மறுநாள் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கதையில் மட்டும்தான் நீ நன்றாக இருக்கிறாய்.

கோபப்படு, நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? நாலு பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

தங்கை

மார்ச் 8

யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்டாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

லிஃப்ட்டு வீல்சேரைத் தொடமாட்டேன் என்கிறான். "அதுல உட்காரப் பழகினா உடம்பு அதுக்கே பழகிடும். அந்த அண்ணன் வீல்சேரைத் தொடவே இல்லையாம்" என்கிறான். கையை ஊன்றித் தூக்கச் சொன்னால், "கால் வர்ற நேரத்துல கைக்கு எதுக்கு வேலை?" என்கிறான். கண்ணாடி பிடித்துப் பார்ப்பதும் இல்லை. அப்படியே மல்லாந்து கிடந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நடு இடுப்புக்குக் கீழே சிவந்து, இப்போது தோல் உரிந்துவிட்டது. ரிங்மாஸ்டர் கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். இந்தச் சில மாதங்களில் பழகாவிட்டால் அவன் ஆயுசுக்கும் படுக்கைதான், அந்தப் புண்ணே அவனைக் கொண்டுபோய்விடும் என்று என்னிடம் சொன்னார்.

நேற்று அவனிடம் சொன்னேன். "லிஃப்ட்டு, அந்த அண்ணன் நான்தான். அது என் தங்கச்சி. நான் நடக்கலை, நடக்கப் போறதும் இல்லை."

சிரித்தான். நான் பொறாமையில் உளறுகிறேன் என்று நினைத்தான். உன் போன கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முழுக்கப் படித்தான். மறுபடியும் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் தோளைத் தட்டினான்.

"பாவம் கிரேனண்ணா உங்க தங்கச்சி. உங்களால முடியலைன்னு நீங்க மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு, அந்தக் கதையே பொய்னு எழுதியிருக்கு. அது சொன்ன அண்ணன் வேற யாராவதா இருக்கும். எவ்வளவு பாசம் பாருங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நீ மறைத்துவிட்டாய், தோண்டி எடுத்துக் காட்டினாலும் அவன் சோறு என்கிறான்.

எனக்கு நீ செய்ததை விட்டுவிடு. நான் அதைப் பற்றி இனிப் பேசவே மாட்டேன். நீ கிளம்பி வா. உன் வாயால், அவன் முகத்துக்கு நேராகச் சொல். வேறு யார் சொன்னாலும் அவன் நம்பமாட்டான். அவன் அந்த வீல்சேரில் ஏற வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

சாரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவே இல்லை. "அது பொய் இல்லைம்மா, இன்னும் நடக்காத உண்மை" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்கு வண்டி ஏற்பாடு செய்யப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டுப் பார்த்தேன். ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். முடிந்ததும் யாரும் என் பக்கத்தில் வரவில்லை, நாற்காலிகளை நானே அடுக்கினேன். புகார் போன் வைத்த அந்த மேஜைக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. புதன்கிழமை மறுபடியும் சொல்லிவிட்டேன். என்னை நீ காறித் துப்பு.

இருபத்தெட்டாம் தேதி பெரிய கூட்டம். அது முடிந்ததும் வருகிறேன். அம்மா மேல் சத்தியம். அதுவரை அந்த மெக்கானிக்கைக் கொஞ்சம் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்.

தங்கை

ஏப்ரல் 1

நீ வரவில்லை. சத்தியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை, அம்மா உயிரோடு இல்லாததால் தப்பித்தாள்.

லிஃப்ட்டு போய்விட்டான். இங்கே இருந்தால் வீல்சேர், வீல்சேர் என்று நச்சரிக்கிறார்கள், மனசு கெடுகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ரிங்மாஸ்டர் வண்டி வரைக்கும் கூடவே போனார், ஆஸ்பத்திரி வீல்சேர் ஒன்றை அவர்தான் மல்லுக்கட்டி வண்டியில் ஏற்றினார். அப்போதே அவனுக்கு உடம்பு சுட்டது.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது என் கட்டிலருகே நிறுத்தச் சொன்னான். "யோசிச்சுப் பார்த்தேன் கிரேனண்ணா. நீங்க சொன்னது நிஜமாவே இருந்தாலும் இருக்கட்டும். அந்த அண்ணன் நடக்கலைன்னா என்ன? நான் நடக்கிறேன். உங்க தங்கச்சி சொன்னது பொய்யா இருக்கக் கூடாது. நான் எழுந்ததும் மேடைக்கு வந்து பேசறேன்னு அதுகிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

கட்டில் காலியாக இருக்கிறது. சுவரில் அட்டை மாட்டியிருந்த ஆணி மட்டும் இருக்கிறது. நேற்று நான் தனியாகக் கழிப்பறைக்குப் போய்வந்தேன். கதவைத் திறந்து, உள்ளே போய், தாழும் போட்டேன். எத்தனை மாதமாக அதற்காகச் செத்துப் பிழைத்தேன் தெரியுமா? உள்ளே உட்கார்ந்து, இவ்வளவுதானா, இதற்கா இருக்கிறேன் என்று அழுதேன். வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் ஒருவன் சிரித்திருப்பான்.

அவன் வீடு உன் ஊரில்தான். முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போ. போய் உண்மையைச் சொல். அவன் உடைந்துபோவான். அழட்டும், உன்னை அடிக்கட்டும், பிறகாவது வீல்சேரில் ஏறுவான், ஆஸ்பத்திரிக்குத் திரும்புவான். போகவில்லை என்றால் இனி எனக்கு எழுதாதே. எனக்குத் தங்கை இல்லை என்று இருந்துவிடுகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

போனேன்.

பஸ்ஸில் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'அந்த அண்ணன் நடக்கவில்லை. அவன் வீல்சேரில் இருக்கிறான். நான் சொன்னது பொய்.' இவ்வளவுதானே? பக்கத்தில் இருந்தவர் நான் முணுமுணுப்பதைப் பார்த்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் மனைவி என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். வீல்சேர் நடையில் நிற்கிறது, அதன் மேல் துணி காய்கிறது. அறையில் மருந்து வாடையையும் மீறி இன்னொரு வாடை. நீ கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் என்ன வாடை என்று உனக்குத் தெரிந்திருக்கும். கால்மாட்டில் ஷூ படம். அவர் கண் மூடிக் கிடந்தார், உதடெல்லாம் வெடித்திருந்தது.

அவள் குனிந்து அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "மூணு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படலை. நர்ஸ் வந்து புண்ணைப் பார்த்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னுச்சு. வரவே மாட்டேங்கறார். நீங்க வந்திருக்கீங்கன்னு காதுல சொன்னேன், இப்பதான் கண்ணைத் திறந்தார்" என்றாள். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அந்த அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

அண்ணா, நான் சொல்ல வந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறந்துவிட்டேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"நல்லா நடக்கிறார்" என்றேன்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஏணியிலிருந்து விழுந்தது, டாக்டர் கைவிரித்தது, ஷூ, கட்டைவிரல், எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வாயைத் திறந்தார், அவள் ஊட்டினாள். கிண்ணம் காலியாகட்டும் என்று இல்லாத ஊர்களையெல்லாம் நடுவில் சேர்த்து உன்னை நடக்க வைத்தேன். அவர் முகம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நீ பார்த்திருந்தால் நீயும் சொல்லியிருப்பாய் என்று எழுத நினைத்தேன். இல்லை, நீ சொல்லியிருக்கமாட்டாய்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானும் கெஞ்சினேன். "எதுக்குங்க? இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று சிரித்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, நடையில் நிற்பதைத் தேவைப்படுகிற யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். அவள் துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். வீல்சேரை எப்படி மடிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் மடித்துக் கொடுத்தேன்.